டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்: சந்தா கட்டி விமர்சனம் வாங்கும் இடம்

மேடைப் பேச்சுப் பழகும் கிளப்பான டோஸ்ட்மாஸ்டர்ஸில் சேரலாமா என்று என்னிடம் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அடுத்ததாகக் கேட்பது, "சேர்ந்தா இங்கிலீஷ் நல்லா வருமா?" என்பதுதான். வரும், கொஞ்சம் வரும். அதற்காக மட்டும் என்றால் இதைவிட மலிவான வழிகள் நிறைய இருக்கின்றன. மேடை பயம் போகுமா என்பது இரண்டாவது கேள்வி. அதுவும் பாதி போகும், மீதிப் பாதி யாருக்கும் போவதில்லை என்று நினைக்கிறேன். ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது வேறொரு விஷயத்துக்காக. நம் வேலையைப் பற்றி ஒருவர் நம் முகத்துக்கு நேரே, நாலு பேர் முன்னால் குறை சொல்லும்போது மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல், "இல்லீங்க, அது என்னன்னா" என்று குறுக்கே விழாமல், முழுதாக உட்கார்ந்து கேட்கும் பழக்கத்தை எனக்குத் தெரிந்து இவ்வளவு குறைந்த செலவில் வேறு எங்கும் கற்றுக்கொடுப்பதில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. 1924 அக்டோபர் 22ஆம் தேதி, கலிஃபோர்னியாவில் சாண்டா அனா என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் நடத்திய பேச்சுப் பயிற்சிக் கூட்டத்திலிருந்து வளர்ந்தது இது. இன்று 140க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. லாப நோக்கம் இல்லாத அமைப்பு. ஆரம்பத்தில் ஆண்களுக்கு மட்டும்தான் இடம், 1973இல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தார்கள். அதற்கு முன்பே ஹெலன் பிளான்சர்ட் என்ற அம்மா 'ஹோமர்' என்று ஆண் பெயரில் பதிவு செய்து உள்ளே போய், பிறகு 1985இல் சர்வதேசத் தலைவராகவே ஆகிவிட்டார், அது ஒரு தனிக் கதை. சென்னை, கோவை, மதுரை என்று நம் ஊர்களிலும் கிளப்கள் உண்டு. பெரிய ஐ.டி. கம்பெனிகள் சிலவற்றில் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தனி கிளப் நடக்கிறது. பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதும்.

காசு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைமையகத்துக்குப் போகும் சந்தா ஆறு மாதத்துக்கு 60 டாலர். 2023 அக்டோபருக்கு முன்பு 45ஆக இருந்தது. புதிதாகச் சேர்பவர்கள் ஒருமுறை மட்டும் 20 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். இது போக ஹால் வாடகை, டீ, பிஸ்கட் என்று ஒவ்வொரு கிளப்பும் தன் பங்குக்கு ஏதாவது சேர்க்கும், அல்லது சேர்க்காது. டாலர் நிலவரப்படி ஆறு மாதத்துக்கு ஐந்தாயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் இரண்டு நாள் நடத்திவிட்டு ஃபைலும் சான்றிதழும் கொடுத்து அனுப்பும் ஆளுமை வளர்ச்சிப் பட்டறைகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இன்னொன்று, இங்கே வாத்தியார் கிடையாது. இதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். என் கணக்கில் இதுதான் மொத்த விஷயத்தின் ஆணிவேர், பிறகு வருகிறேன்.

ஒரு கூட்டம் எப்படிப் போகும் என்றால், முன்பே தயார் செய்துவந்த இரண்டு மூன்று பேச்சுகள் முதலில், பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு நிமிடம். டைமர் என்று ஒருவர் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளோடு உட்கார்ந்திருப்பார். அப்புறம் டேபிள் டாபிக்ஸ், அதாவது அந்த நேரத்தில் கொடுக்கும் தலைப்பில் ஒன்றிரண்டு நிமிடம் பேச வேண்டும். ஆ கவுண்டர் என்று ஒருவர், யார் எத்தனை முறை 'ஆ', 'ம்', 'ஸோ', 'ஆக்சுவலி' என்று இழுத்தார்கள் என்று எண்ணிக்கொண்டே இருப்பார். தமிழில் நடக்கும் கூட்டங்களில் அவருக்கு வேலை இன்னும் ஜாஸ்தி, ஏனென்றால் நாம் 'வந்து', 'அதாவது', 'பார்த்தீங்கன்னா' இல்லாமல் மூச்சே விடுவதில்லை. இதெல்லாம் ஜாலியான பகுதி. கெஸ்ட்டாக வருபவர்கள் இதைப் பார்த்துவிட்டுத்தான் "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அதற்குப் பிறகு வருகிறது எவால்யுவேஷன். பேசிய ஒவ்வொருவருக்கும் தனியாக ஓர் எவால்யுவேட்டர் உண்டு. அவர் எழுந்து மேடைக்கு வந்து, எல்லோர் முன்னாலும், இரண்டிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் அந்தப் பேச்சில் எது நன்றாக இருந்தது, எது எடுபடவில்லை, அடுத்த முறை என்ன மாற்றிப் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். பேசியவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். பதில் சொல்ல நிகழ்ச்சி நிரலில் இடமே இல்லை. விளக்கம் கொடுக்க, சமாளிக்க, "டைம் பத்தலை, அதான்" என்று சொல்ல எந்தப் பகுதியும் ஒதுக்கப்படவில்லை. எவால்யுவேட்டர் முடித்ததும் கைதட்டல், உடனே அடுத்த ஆள்.

இந்த ஏற்பாட்டின் அருமை எனக்குச் சேர்ந்த புதிதில் தெரியவில்லை, போகப் போகத்தான் புரிந்தது. நான் வேலை பார்ப்பது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில். நாள் முழுக்க அடுத்தவர் கணக்கில் குறை எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். எங்கள் தொழிலில் யாராவது ஒரு பாயின்ட் எழுப்பினால் உடனே பதில் எழுத வேண்டும், எழுதாவிட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்தப் பழக்கத்தில் ஊறிய ஆளுக்கு மூன்று நிமிடம் வாயை மூடிக்கொண்டு கேட்பது என்பது சாதாரணக் காரியமில்லை. முதல் நிமிடம் மனசுக்குள் வக்கீல் எழுந்து நின்று வாதாடிக்கொண்டே இருப்பார். ஆனால் வாதாட வாய்ப்பே இல்லை என்று தெரிந்துவிட்டால் இரண்டாவது நிமிடத்தில் அவர் களைத்துப்போய் உட்கார்ந்துவிடுவார். மூன்றாவது நிமிடத்தில்தான் எதிரே இருப்பவர் சொல்வது உண்மையிலேயே காதில் விழும். பதில் சொல்லும் பொறுப்பு இல்லாதபோதுதான் கேட்க முடிகிறது, இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஆபீஸ் அப்ரைசலை இதோடு வைத்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, அல்லது இரண்டு முறை. சொல்பவர் மேலதிகாரி. அவர் சொல்வதை வைத்துத்தான் ஹைக். ஒரு மனிதனுடைய வீட்டு லோன் தவணையைக் கையில் பிடித்துக்கொண்டு "உங்களுடைய வளர்ச்சிக்காக ஒரு விஷயம் சொல்றேன்" என்று ஆரம்பித்தால் அவனுக்கு எப்படிக் காது கேட்கும்? அவன் காதில் விழுவது சதவீதம் மட்டும்தான். பெல் கர்வ் போட்டு, அதாவது இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று முன்கூட்டியே பங்கு வகுத்து, ஆட்களைத் தரம் பிரிக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டது, அதற்கு முந்தைய வருஷமே அடோபி ஆண்டு மதிப்பெண் முறையை எடுத்துவிட்டு அடிக்கடி பேசும் முறைக்கு மாறியது. அவர்களே மாறிய பிறகும் நம் ஊரில் பல இடங்களில் அந்தப் பழைய படிவத்தைப் பொக்கிஷம் மாதிரி காப்பாற்றுகிறார்கள்.

ஃபீட்பேக் என்றாலே நல்லதுதான் என்று ஒரு நம்பிக்கை எல்லோருக்கும் இருக்கிறது. அப்படி இல்லை. 1996இல் க்ளூகர், டெனிசி என்ற இரண்டு உளவியலாளர்கள் அதுவரை வந்திருந்த ஆய்வுகளை மொத்தமாகத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாக எடுத்துக்கொண்டால் ஃபீட்பேக் வேலையை மேம்படுத்தியது உண்மை, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட தடவைகளில் அது வேலையைக் கெடுத்தே இருந்தது. அவர்கள் கொடுத்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. கவனம் செய்யும் வேலையின் மேல் இருக்கும்வரை பலன் கிடைக்கிறது, "நான் எப்படிப்பட்ட ஆள்" என்ற கேள்விக்குக் கவனம் நகர்ந்துவிட்டால் பலன் குறைந்துவிடுகிறது. ஒரு நல்ல எவால்யுவேட்டர் பேசுவதைக் கேட்டால் இது அப்படியே தெரியும். "உங்களுக்குத் தன்னம்பிக்கை குறைவு" என்று அவர் சொல்ல மாட்டார். "அந்தப் பேருந்து நிலையக் கதையைச் சொல்லும்போது கண்ணைக் கீழே இறக்கிக் குறிப்பைப் பார்த்தீர்கள், அந்த இடத்தில் நான் கதையிலிருந்து வெளியே வந்துவிட்டேன்" என்பார். முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வீட்டுக்குப் போய் அழலாம். இரண்டாவதை வைத்துக்கொண்டு அடுத்த வாரமே ஏதாவது செய்யலாம்.

சரி, வாத்தியார் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். பெரியவர் திட்டினால் பாக்கியம், சின்னப் பையன் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம். வீட்டில், பள்ளியில், ஆபீஸில் எல்லா இடத்திலும் இதே வரிசைதான். டோஸ்ட்மாஸ்டர்ஸ் இந்த வரிசையைக் கலைத்துப்போட்டுவிடுகிறது. எவால்யுவேட்டர் வேலை சுற்றுக்கு விடப்படுவதால், இன்று பேசுபவரை அடுத்த கூட்டத்தில் நீங்கள் எடை போடுவீர்கள், உங்களை இன்னொருவர். வயது, பதவி, சம்பளம் எதுவும் கணக்கில் இல்லை.

எங்கள் கிளப்பில் ஓய்வு பெறும் வயதை நெருங்கும் வங்கி மேலாளர் ஒருவர் இருக்கிறார். கணீரென்ற குரல், எடுத்தால் வைக்க மாட்டார். ஒருநாள் அவருக்கு எவால்யுவேட்டராக வந்தது கல்லூரி முடித்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். அந்தப் பெண் மேடையேறி, குரல் பற்றி, அவர் சொன்ன கிராமத்துக் கிளை அனுபவங்கள் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு, "சார், 'கடைசியாக ஒன்று' என்று மூன்று தடவை சொன்னீங்க. மூன்று தடவையும் நான் கைதட்டத் தயாராயிட்டேன்" என்றது. ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக, அந்தத் தாமதத்தை நான் பார்த்தேன். டீ நேரத்தில் அவரே அந்தப் பெண்ணிடம் போய், "எந்த இடத்துல முடிச்சிருக்கணும்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கிளையில் அந்த வயதில் வேலைக்குச் சேரும் ஒரு ஆள் இப்படிச் சொல்லியிருக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். சொல்லவும் முடியாது, அவர் கேட்டிருக்கவும் மாட்டார்.

நம் பட்டிமன்ற மேடைகளையே எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் ஊரில் பேசியவருக்கு என்ன கிடைக்கிறது? கைதட்டல் கிடைக்கும், நடுவரின் நையாண்டி கிடைக்கும், தீர்ப்பு கிடைக்கும். எந்த இடத்தில் கூட்டம் கைபேசியை எடுத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எவால்யுவேஷன் வாயால் மட்டும் முடிவதில்லை, எழுத்திலும் ஒரு படிவம் தருகிறார்கள். நன்றாகச் செய்தது எது, இன்னும் உழைக்க வேண்டியது எது, உங்களுக்கு நீங்களே சவால் விட்டுக்கொள்ள என்ன செய்யலாம் என்று மூன்று பகுதிகள். கீழே குரல், சைகை, கேட்பவர்களைக் கவனித்தல் போன்றவற்றுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். மதிப்பெண்ணை நான் பார்ப்பதே இல்லை. பழகிய முகங்கள் என்பதால் பெரும்பாலும் 4 போட்டுவிடுவார்கள், அதில் ஒரு தகவலும் இல்லை. மூன்றாவது பகுதியைத்தான் தேடிப் படிப்பேன். எழுதுகிறவர் உண்மையிலேயே கவனித்தாரா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும்.

பாத்வேஸ் என்று அவர்களுடைய பாடத்திட்டம் ஐந்து நிலைகள் கொண்டது. முதல் நிலையிலேயே, ஐஸ்பிரேக்கர் என்ற அறிமுகப் பேச்சுக்கு அப்புறம், ஃபீட்பேக்குக்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பேச்சு பேச வேண்டும், அதற்கு வந்த விமர்சனத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு பேச்சு பேச வேண்டும், பிறகு நீங்களே வேறொருவருக்கு எவால்யுவேட்டராக நிற்க வேண்டும். இந்த மூன்றும் முடிந்தால்தான் அந்தப் பகுதி முடியும். யார் யோசித்தார்களோ, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. விமர்சனத்தை வாங்கிக்கொண்டு "ரொம்ப நன்றிங்க, கண்டிப்பா பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துபோக நமக்கெல்லாம் நன்றாகத் தெரியும். இங்கே இரண்டாவது பேச்சில் அது தெரிந்தாக வேண்டும். மூன்றாவது கட்டத்தில் மேசையின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார்க்கும்போதுதான், ஏழு நிமிடப் பேச்சில் உருப்படியான ஒரே ஒரு யோசனையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிகிறது. அதற்கப்புறம் உங்களுக்கு எவால்யுவேட் செய்பவர் மேல் கோபமே வராது, பாவம் என்றுதான் தோன்றும்.

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. கூட்டத்தின் கடைசியில் ஜெனரல் எவால்யுவேட்டர் எழுந்து எவால்யுவேட்டர்களையே எடை போடுவார். குறை சொன்னவர் எப்படிக் குறை சொன்னார், சொன்னது பேசியவருக்குப் பயன்படுமா, நேரத்தை மீறினாரா என்று. நொட்டை சொல்வதிலும் நொட்டை கண்டுபிடிக்க ஒரு ஆள் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக மனிதர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாகப் பேசுகிறார்கள் என்பதை நேரில்தான் பார்க்க வேண்டும். எங்கள் ஆபீஸில் பார்ட்னர்கள் ரெவ்யூ பாயின்ட் எழுதும் விதத்தை யாராவது இப்படி ரெவ்யூ செய்தால் எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி கற்பனை செய்துகொள்வதுண்டு. கற்பனையோடு சரி.

இனி குறைகள். முதல் குறை சர்க்கரை. முதலில் பாராட்டு, நடுவில் யோசனை, கடைசியில் மறுபடி பாராட்டு என்று எவால்யுவேஷனுக்கு ஒரு வாய்பாடு உண்டு. புதியவர்கள் பயந்து ஓடிவிடக் கூடாது என்பதற்காக வந்த பழக்கம், தப்பில்லை. ஆனால் நாளாக ஆக நடுவில் இருக்கும் யோசனை தேய்ந்துபோய், இரண்டு பக்கப் பாராட்டு மட்டும் நிற்கும் கிளப்களும் உண்டு. "அருமை, அற்புதம், இன்னும் கொஞ்சம் கையசைத்திருக்கலாம், மற்றபடி அருமை." இப்படி ஆறு மாதம் கேட்டால் நீங்கள் ஒபாமா ஆகிவிட்டதாக உங்களுக்கே தோன்ற ஆரம்பித்துவிடும். இதற்கு ஒரே மருந்து, பேசுவதற்கு முன்பே எவால்யுவேட்டரிடம் போய், "எனக்கு முடிவு சரியாக வருவதில்லை, அதை மட்டும் பாருங்கள்" என்று குறிப்பாகக் கேட்பது. கேட்டால் தருகிறார்கள். பெரும்பாலான மனிதர்கள் நாம் அனுமதி கொடுக்காதவரை உண்மையைச் சொல்வதில்லை, அனுமதி கொடுத்ததும் தாராளமாகவே சொல்கிறார்கள், சில சமயம் நாம் கேட்டதற்கும் மேலாக.

இரண்டாவது, சொல்பவருக்கே அனுபவம் இல்லாமல் இருக்கலாம். வாத்தியார் இல்லாததற்குக் கொடுக்கும் விலை அது. போன மாதம் சேர்ந்தவர் சொல்லும் யோசனை தவறாகவே இருக்க வாய்ப்புண்டு. ஒருவர் மேடையில் நடக்காதீர்கள் என்பார், அடுத்த கூட்டத்தில் இன்னொருவர் ஏன் ஒரே இடத்தில் நிற்கிறீர்கள் என்பார். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். பிறகு ஒரு வழி பிடிபடும். அவர் சொல்லும் தீர்வைத் தள்ளிவைத்துவிட்டு, அவருக்கு எந்த இடத்தில் உறுத்தியது என்பதை மட்டும் எடுத்துக்கொள்வது. உறுத்தியது பொய்யாக இருக்காது, அது அவருக்கு நடந்தது. தீர்வு நம் பாடு. நடப்பவரிடமும் நிற்பவரிடமும் ஒரே உறுத்தல்தான் இருந்திருக்கலாம், கால் போகும் போக்குக்கும் பேச்சு போகும் போக்குக்கும் சம்பந்தமில்லை என்பது. வேலையிடத்தில் கிளையன்ட் சொல்வதைக் கேட்கும்போது இந்தப் பிரிப்பு எனக்கு ரொம்ப உதவியிருக்கிறது. "இந்த ரிப்போர்ட்டை ரெண்டு பக்கமா குறைங்க" என்று அவர் சொன்னால், அவருக்கு வேண்டிய எண் முதல் பக்கத்தில் இல்லை என்று பல நேரம் அர்த்தம்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய குறை. எவால்யுவேஷன் எல்லாம் எப்படிப் பேசினாய் என்பதைப் பற்றியே இருக்கிறது, என்ன பேசினாய் என்பதைப் பற்றி வெகு குறைவு. தகவல் தவறாக இருந்தாலும், வாதம் ஓட்டையாக இருந்தாலும், குரல் ஏற்ற இறக்கம் நன்றாக இருந்தால் தப்பித்துவிடலாம். அதனால் பல வருஷம் இருந்தவர்களின் பேச்சுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல ஆகிவிடும். ஒரு கேள்வியோடு ஆரம்பிப்பது, ஒரு நீண்ட மௌனம், கை இரண்டையும் விரிப்பது, தாத்தா சொன்ன ஒரு வாக்கியம், முடிவில் கண்கலங்குவது. உங்கள் தொழில் சார்ந்த விஷயத்தில் ஆழமான விமர்சனம் வேண்டுமென்றால் அது இங்கே கிடைக்காது. விமர்சனத்தைத் தாங்கும் உடம்பு இங்கே கிடைக்கும், விமர்சனத்தை உங்கள் துறையில் தெரிந்தவர்களிடம்தான் போய் வாங்க வேண்டும்.

போட்டிகள் பற்றியும் ஒரு வார்த்தை. உலக அளவில் வருஷா வருஷம் பேச்சுப் போட்டி நடக்கிறது. 2014இல் கோலாலம்பூரில் நடந்த இறுதிச் சுற்றில் இலங்கையைச் சேர்ந்த தனஞ்சய ஹெட்டியாராச்சி முதல் பரிசு வாங்கினார், அடுத்த வருஷம் சிறு வயதில் திக்குவாய் இருந்த சவூதிக்காரர் முகமது கஹ்தானி வாங்கினார். இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் பகிரும் பேச்சுகள். ஆனால் எவால்யுவேஷனுக்கென்றே தனியாக ஒரு போட்டி உண்டு என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. ஒருவர் பேசுவார். போட்டியாளர்கள் எல்லோரும் கேட்டுவிட்டு வெளியே போய் ஐந்து நிமிடத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக வந்து அதே பேச்சை எடை போட வேண்டும். ஒரே பேச்சில் ஐந்தாறு பேர் ஐந்தாறு விதமாகக் குறை நிறை பார்ப்பதை வரிசையாகக் கேட்பது அவ்வளவு சுவாரசியம். இந்தப் போட்டி மாவட்டம் என்று அவர்கள் சொல்லும் அளவோடு நின்றுவிடுகிறது, உலக மேடைக்குப் போவதில்லை. இருப்பதிலேயே நல்ல சரக்குக்கு இருப்பதிலேயே சின்ன மேடை. வாய்ப்புக் கிடைத்தால் பார்வையாளராகவாவது போய்விடுங்கள்.

கம்பெனிக்குள் நடக்கும் கிளப்பா, வெளியே நடக்கும் பொது கிளப்பா என்று கேட்டால் யோசிக்காமல் வெளியே என்பேன். உள்ளே நடப்பது வசதி, சில இடங்களில் சந்தாவைக்கூட நிர்வாகமே கட்டிவிடும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பது உங்கள் மேனேஜர் என்றால் மொத்தக் கணக்கும் மாறிவிடுகிறது. அவரை எவால்யுவேட் செய்யும்போது உங்கள் நாக்கு தானாகவே நெளியும், அவர் உங்களை எவால்யுவேட் செய்தால் அதில் அப்ரைசல் வாடை வரும். வெளி கிளப்பில் உங்களுக்கு எதிரே பல் டாக்டர், ஸ்கூல் டீச்சர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், வேலை தேடிக்கொண்டிருக்கும் பையன். யாருக்கும் உங்களிடம் ஆக வேண்டியது எதுவும் இல்லை.

மொழி என்று பார்த்தால் பெரும்பாலான கிளப்கள் ஆங்கிலத்தில்தான். தமிழில் நடப்பவையும் இருக்கின்றன, இங்கே மட்டுமில்லை, சிங்கப்பூரிலும்தான். முடிந்தால் இரண்டிலும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். ஆங்கிலத்தில் விமர்சனம் கேட்பது கொஞ்சம் தள்ளி நின்று கேட்பது மாதிரி இருக்கும், வலி குறைவு. தமிழில் "உங்க பேச்சு என்னைத் தொடலைங்க" என்று ஒருவர் சொன்னால் நேராக உள்ளே இறங்கும். அதனாலேயே தமிழில் கேட்டுப் பழகியவர்களுக்கு ஆபீஸில் எதுவும் பெரிதாகத் தெரிவதில்லை.

ஆபீஸுக்கு இதிலிருந்து என்ன எடுத்துப்போனேன் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை, சின்னச் சின்ன வழக்கங்கள்தான். எங்களிடம் பயிற்சிக்கு இருக்கும் ஆர்ட்டிகிள் பிள்ளைகளிடம் ஒர்க்கிங் பேப்பரை, அதாவது ஆடிட்டின்போது அவர்கள் எழுதிவைத்த குறிப்புகளை, திருப்பிக் கொடுக்கும்போது, சிவப்பில் இருபது பாயின்ட் எழுதுவதை விட்டுவிட்டேன். எது சரியாக இருந்தது, அடுத்த ஆடிட்டில் மாற்ற வேண்டிய ஒன்று, முடிந்தால் முயற்சி செய்ய வேண்டிய ஒன்று. தவறான எண் இருந்தால் அது தனி, அதைத் திருத்தித்தான் ஆக வேண்டும், அதில் சமரசம் கிடையாது. நான் கேட்கும் பக்கம் உட்காரும்போது குறிப்பேட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிடுவேன். கை எழுதிக்கொண்டிருந்தால் வாய் குறுக்கே போகாது, எவால்யுவேஷனின்போது எங்கள் கிளப்பில் பழையவர்கள் எல்லோரும் செய்வது இதுதான். அப்புறம் பார்ட்னரிடம், "எப்படி சார் இருக்கு?" என்று கேட்பதை நிறுத்தினேன். அதற்கு வரும் பதில் எப்போதும் "ஓகேப்பா". "இந்த ரிப்போர்ட்ல நீங்க ரெண்டாவது தடவை படிக்க வேண்டியிருந்த இடம் எது சார்?" என்று கேட்டால் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டுகிறார்.

யாருக்கு இது ஒத்துவராது? வாராவாரமோ, பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ ஒன்றரை இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு. ஒரு மாதத்தில் மாற்றம் தெரிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு. விருது, பட்டம், பொறுப்பு என்று சேர்த்துக்கொண்டே போவதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒத்துவரும், ரொம்பவே ஒத்துவரும், அதுதான் பிரச்சினை. நிலைகளைக் கடக்கும் அவசரத்தில் வருகிற விமர்சனத்தை ரசீது மாதிரி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நேர்முகத் தேர்வு அடுத்த வாரம், அதற்காகச் சேரலாமா என்று கேட்பவர்களும் வேண்டாம்.

கிளப் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. கெஸ்ட்டாகப் போகப் பெரும்பாலும் காசு கேட்பதில்லை, அதனால் இரண்டு மூன்று கிளப்களுக்குப் போய்ப் பாருங்கள். பேச்சுகளை விடுங்கள், எவால்யுவேஷனை மட்டும் கவனியுங்கள். சொல்பவர் பேச்சிலிருந்து ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டிச் சொல்கிறாரா, பொதுவாக மெழுகுகிறாரா? கேட்பவர் எழுதிக்கொள்கிறாரா, புன்னகையை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா? சொல்லும்போது ஹாலில் யாராவது ஆமாம் என்று தலையாட்டுகிறார்களா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் ஏ.சி. வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, அங்கேயே சேர்ந்துவிடலாம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். மீதி ஒன்றை, பேச்சின் சரக்கை எடை போட ஆரம்பிக்கும் நாளில் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கெஸ்ட்டாகப் போனாலும் டேபிள் டாபிக்ஸுக்கு உங்கள் பெயரைக் கூப்பிடக்கூடும். விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று தலையசைத்தால் போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் கூட்டத்தின் முடிவில் "எங்க கூட்டம் எப்படி இருந்துச்சு?" என்று உங்களை எழுப்பிக் கேட்பார்கள். அப்போது மட்டும் "எல்லாம் சூப்பர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.